புங்கமரத்துக் கட்டம்

"பள்ளத்தை மூடுனது யாரா இருந்தாலும் சரி, அவங்க கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். சாமி மேல சத்தியம்!"

நாராயணப்பன் இதைப் பக்கத்து வயல்காரர் திம்மப்பன் வீட்டு வாசலில் நின்று, ஜவளகிரி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்திருந்தார். மனுஷன் சத்தியம் செய்தால் செய்ததுதான். பீடியைத் தொட மாட்டேன் என்றவர் பதினாறு வருஷமாகத் தொடவில்லை.

காட்டோரம் யானை வராமலிருக்க ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டியிருக்கிறது. கோடையில் புல் காய்ந்துவிட்டால், யாராவது ஒரு மூலையில் மண்ணைத் தள்ளி, மாட்டைக் காட்டுக்குள் ஓட்ட வழி செய்துகொள்வார்கள். ராகி கதிர் பிடிப்பதற்குள் அதை மறுபடி வெட்டிவிட வேண்டும். இந்த வருஷம் யாரோ மறந்துவிட்டார்கள். புதன்கிழமை விடிவதற்குள் நாராயணப்பனின் ராகியில் பாதி யானை வயிற்றுக்குப் போய்விட்டது. அன்று பெய்த மழையில் கால்தடமும் இல்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, அவர் மகள் சுஜாதாவுக்கும் திம்மப்பன் மகன் ஹரீஷ்குமாருக்கும் நிச்சயம். அதுவும் திம்மப்பன் வீட்டில். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அங்கே தாம்பூலம் எப்படி மாற்றுவார்?

"திம்மப்பன் மாமா மூடுனதை நீங்க பார்த்தீங்களாப்பா?" என்றாள் சுஜாதா. அழுது அழுது அவள் குரலே கட்டிப்போயிருந்தது.

"அவன் பக்கம் புது மண்ணு கெடக்குது. வேற யாரு?"

"பள்ளத்தை ஆழமாக்குனதாச் சொல்றாரே."

"இப்பவே மாமனாருக்கு வக்காலத்தா?"

சுஜாதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓசூர் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு அவளுக்குக் கடைசி வருஷம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தாலும் கரண்ட் இல்லை. கிராஃப் நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"இது எங்க பாடத்துல இருக்கு. இடத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சா, வழி இருக்கா இல்லையான்னு சொல்லிடலாம். நான் ஒரு கட்டத்தையும் தொடல. நீங்களே போடுங்க. யானை நடக்காத எடமெல்லாம் கறுப்பு."

நாராயணப்பனுக்கு இது பிடித்துப்போயிற்று. தன் பக்கத்துப் பள்ளத்தை முழுக்கக் கறுப்பாக்கினார். "என் கையால வெட்டுனதாக்கும்!" திம்மப்பன் பக்கம் ஒரு கட்டத்தை மட்டும் வெள்ளையாக விட்டார். சாய்ந்த ராகியும், விதைக்காத கல்லாங்குத்தும் வெள்ளை. நின்ற பயிர் கறுப்பு.

"மாமாவோட ராகி?"

"ஒரு கதிர் மடங்கல! யானைக்கு அவன் என்ன ஒறவா?"

"மிதிக்காம யானை நடக்காதே. அப்ப அதுவும் கறுப்புத்தான?"

"கறுப்பேதான்!" அழுத்தித் தேய்த்ததில் பென்சில் முனை உடைந்தது.

அவர் மனைவி மாதம்மாள் மாட்டைக் கட்டிவிட்டு வந்து, கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். "இதுல எல்லாம் தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிரும்மா."

அவள் அடுப்படிக்குப் போனாள்.

சுஜாதா பென்சிலைச் சீவி, காட்டுக் கட்டத்தில் சுழி போட்டாள். சுழிக்கு அடுத்த கட்டங்களில் ஒன்று. ஒன்றுக்கு அடுத்ததில் இரண்டு. ஒரு வெள்ளைக் கட்டத்தையும் விடவில்லை. எண்கள் திம்மப்பன் பக்கம் உள்ளே நுழைந்து, ஏழோடு நின்றுவிட்டன.

"என்னா, நின்னுபோச்சு?"

"சுத்தியும் கறுப்புப்பா. மாமா பக்கம் வந்த யானை அங்கயேதான் நிக்குது. நம்ம வயலுக்கு வரணும்னா பறந்துதான் வரணும்."

நாராயணப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் அவர் கையால் தேய்த்த கறுப்பு. யாரைக் குறை சொல்வது?

"இப்பத் திருப்பிப் போடறேன்" என்று, சாய்ந்த ராகியில் சுழி போட்டு ஆரம்பித்தாள். எண்கள் வயலில் பரவி, கல்லாங்குத்தில் ஏறி, பள்ளத்தை ஒரே ஓர் இடத்தில் தொட்டன. அவர்களுடைய வடக்கு மூலை, புங்கமரத்தடி. "இங்கதான் யாரோ மூடியிருக்கணும்ப்பா."

"அங்கயா? அந்த முள்ளுப் பக்கம் நான் போயி ஆறு மாசமாச்சே..." அவர் குரல் இறங்கிவிட்டது. "திம்மப்பனைத் தப்பாப் பேசிப்புட்டனா, கண்ணு?"

"பேசிட்டீங்கப்பா."

"நாளைக்கு மொத வேலையா அவன் வூட்டுல ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்கறேன். போதுமா?"

சுஜாதாவுக்குச் சந்தோஷத்தில் மறுபடி அழுகை வந்தது.

"ஆனா சத்தியம் சத்தியந்தான். நம்ம பள்ளத்தை மூடுனவங்க யாருன்னு தெரியட்டும், அப்பறம் இருக்குது" என்றவர், அடுப்படிப் பக்கம் திரும்பி, "மாதம்மா, காப்பி!" என்றார்.

மாதம்மாள் தம்ளரோடு வந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தம்ளரைச் சுஜாதாவிடம் நீட்டினாள்.

"நீ குடு, கண்ணு. சித்திரையில மாட்டுக்கு ஒரு வாய் புல்லு இல்ல... இனிமே உங்கப்பா என் கையால குடிக்க மாட்டாரு."