மாடி பஸ்ஸில் முன் சீட்டு

"படி தம்பி. எல்லாரும் கேக்கட்டும். பெத்தவ என்னதான் எழுதியிருக்கான்னு தெரியவேண்டாமா?"

தபீதாள் அக்கா ஒன்று சொன்னால் மறுத்துப் பேசுகிற ஆள் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

தம்பி ஜெபசீலன் ஏர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். பள்ளிக்கூட வாத்தியார். கிழக்குத் தாம்பரத்தில் அவனுடைய சின்ன வீட்டில் அன்று மகள் ரூபிக்கு முதல் வருஷ நினைவு ஜெபம். நாலு வயசுக் குழந்தை. எழுபதாம் வருஷம் தொண்டை அடைப்பான் வந்து இரண்டே நாளில் போய்விட்டது.

ஜெபம் முடிந்து, காப்பியும் பன்னும் கொடுத்தாயிற்று. போதகர் புறப்பட்டுவிட்டார். சபைப் பெண்கள் நாலைந்து பேர் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

குழந்தையின் தாய் யூனிஸ் அங்கே இல்லை. நர்ஸ் வேலை கிடைத்து லண்டன் போய் ஏழு மாதம் ஆகிறது. அன்றைக்கென்று பார்த்து அவளுடைய கடிதம் வந்திருந்தது.

வேறு வழியில்லாமல் ஜெபசீலன் படித்தான்.

"அன்புள்ள அத்தான், இங்கே மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தால் எதிரே ஒன்றுமே மறைக்காது. டிரைவர் கீழே இருக்கிறார். நானே பஸ் ஓட்டுகிற மாதிரி இருக்கும். நேற்று என் அறைத் தோழி மெட்டில்டா எங்கள் ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். காலையில் பால் பாட்டிலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். மேலே நிற்கிற ஆடையை நான் ஸ்பூனால் எடுத்துத் தின்றுவிடுகிறேன் என்று மெட்டில்டா தினமும் சண்டை போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பார்க்கில் ஷூவைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்து அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்ததும் ஐஸ்கிரீம் வாங்கினேன். உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நக்கினேன். இப்படிக்கு, யூனிஸ்."

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்க்கா."

"ஒரு ஸ்தோத்திரம் கிடையாது. ஒரு வசனம் கிடையாது. குழந்தை பேரு எங்கயாவது இருக்கா?"

"இல்லே."

பாயில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம பார்க்குல தூக்கமா!" என்றாள் ஒருத்தி, யாரையும் பார்க்காமல்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கையாலதான் தினம் ரூபிக்குத் தலை வாரிவிட்டேன். எனக்கே இன்னும் சோறு இறங்கலே. பெத்தவளுக்கு ஐஸ்கிரீம் இறங்குதே! அது நெஞ்சா, கருங்கல்லா?"

"அக்கா, விட்டுடுங்க."

"ஏன்டா விடணும்? இப்பவே எழுதறேன். உன் குழந்தை கல்லறையில புல்லு முளைச்சுக் கிடக்கு, நீ அங்க புல்லுல படுத்துத் தூங்கறியா, புறப்பட்டு வாடின்னு எழுதறேன். பேனாவை எடு."

"எழுதாதீங்கக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

"பொண்டாட்டிகிட்ட அவ்வளவு பயமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சபைப் பெண்கள் முன்னால் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. அக்கா அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவைத் தானே உருவிக்கொண்டாள்.

"சார்!"

வாசலில் காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றார். ரயில்வே கேட்டில் வேலை பார்க்கிற சிட்டிபாபு.

"லெட்டர் வந்துகீதுன்னு தபால்காரரு சொன்னாரு சார். அம்மா எப்டி கீறாங்க? இன்னா எழுதிகீறாங்க?"

ஜெபசீலன் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி படித்துக் காட்டினான்.

"ஐஸ்கிரீமு துன்னாங்களா? கையில வழிஞ்சிச்சா?" சிட்டிபாபு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். "அப்டிப் போடு! இது போதும் சார் எனக்கு."

அக்கா எழுந்துவிட்டாள்.

"யாருய்யா நீ? துக்க வீட்டுல வந்து சிரிக்கிறே! இந்த மாசத்துக்குள்ள அவளை இங்க வரவழைக்கிறேனா இல்லையா பாரு!"

சிட்டிபாபுவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"வோணாம்மா. அவங்கள இந்த ஊருக்குக் கூப்புடாதீங்க."

"சிட்டிபாபு, வேண்டாம்" என்றான் ஜெபசீலன்.

"இன்னா சார் வோணாம்? கூப்ட்டுடுவாங்க போலகீதே!" அவர் அக்கா பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "பாப்பா போயி மூணாவது வாரம்மா. ஆறு மணி வண்டிக்கு கேட்டைச் சாத்திட்டுத் திரும்பறேன், அம்மா தண்டவாளத்துல குந்திகினு கீறாங்க. ஓடிப்போயி இஸ்துகினு வந்தேன். மேலதிகாரிக்கு எழுதிப்போட்டா போலீஸ் கேசாயிடும். அதான் சாராண்ட மட்டும் சொன்னேன். வேற யாராண்டயும் மூச்சு வுடலை."

பேனா அக்கா கையிலேயே இருந்தது.

"'எந்திரிம்மா, வூட்டுக்குப் போலாம்'னேன். 'போயி? இனிமே எனக்கு இன்னா கீது அங்க?'ன்னு என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணுமே சொல்லத் தெரியலம்மா. இன்னிக்கு அவங்களே பதில் எழுதிட்டாங்க. சிரிக்காம நான் இன்னா பண்ணட்டும்?"