பீளை

“கிட்ட வராதே, அங்கயே நில்லு!” என்று அதட்டிவிட்டு, கம்பவுண்டர் கண்ணுசாமி தோள்துண்டை எடுத்து மூக்கும் வாயும் மறையச் சுற்றிக்கொண்டார். பச்சைக் குழந்தையோடு படியேறிய மயிலம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கண்ணுசாமியின் அருவருப்பு அந்த ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த சமாச்சாரம். வெட்டை எனும் மேகநோய்க்காரர்கள் நீட்டும் சீட்டைக்கூட இடுக்கியால்தான் வாங்குவார். யுத்தம் தொடங்கிய பிறகு அந்த நோய்க்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள். இவ்வளவு சுத்தக்காரரை வைத்துக்கொண்டு சீழும் ரத்தமும் சோதிப்பது டாக்டரம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்தது.

“உள்ளே வாம்மா. குழந்தைக்கு என்ன?” என்றார் டாக்டரம்மா.

“பொறந்து ஆறு நாளாச்சுங்க, தாயே. முழியைத் தெறக்கவே மாட்டேங்குது. பீளையா வடியுதுங்க.”

டாக்டரம்மா இமையை விலக்கினார். மஞ்சள் சீழ் பீறிட்டுக் குழந்தையின் காதுவரை வழிந்தது. நாற்றம் வேறு. எத்தனையோ பார்த்த ஆயா அங்கம்மாளே ஓரடி பின்வாங்கினாள்.

“கண் எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“முழி மூணு நாளாவே இப்படித்தானுங்க. தாய்ப்பால் உட்டுப் பாத்தனுங்க, கேக்கலீங்க.”

டாக்டரம்மா சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவிக் கொடுத்தார். கண்ணுசாமி அதை விரல் நுனியால் வாங்கினார். சில்லு விழுந்து நொறுங்கியது.

“சீ! தொடவே கூசுதுங்க. கண்டவனோட போயிட்டு இங்க வந்து நிக்குதுக. தொரத்தி உடுங்க, டாக்டரம்மா!”

மயிலம்மாள் தலை நிமிரவில்லை.

டாக்டரம்மா இன்னொரு சில்லை எடுத்துத் தானே தடவினார். விளக்கில் காட்டி உலர்த்தி, நீலச் சாயம் விட்டுக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அவரை விதை போல ஜோடி ஜோடியாகக் கிருமிகள்.

“வெட்டைதான். பிரசவத்துல உன்கிட்டயிருந்து குழந்தைக்குத் தொத்தியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும். உன் புருஷனுக்கும் மருந்து கொடுக்கணும். இல்லேன்னா மறுபடியும் உனக்கு வரும், அடுத்த குழந்தைக்கும் வரும். அவன் பேரென்ன?”

“அதை நான் எப்படிங்க சொல்லுவேன்?”

“இவளுக்குப் புருஷன் வேறயா!” என்றார் கண்ணுசாமி, துண்டுக்குள்ளிருந்து.

“தாலி கட்டுனவருதானுங்க, தாயே. பனமரத்துப்பட்டியில ஊடு எடுத்து வெச்சிருக்காருங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ வருவாருங்க.”

டாக்டரம்மாவுக்கு எரிச்சல் வந்தது. “பிள்ளை குருடாப் போற நிலைமையில வந்திருக்கு. இப்பவும் பேரைச் சொல்ல மாட்டியா?”

“பேரை மட்டும் கேக்காதீங்க. இதோட முழியைக் காப்பாத்திக் குடுங்க.” அவள் அழுதுவிட்டாள்.

அதுவரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அங்கம்மாள் முன்னால் வந்தாள். “அவ வேணுமின்னு ஒளிக்கலீங்க. எங்கூட்டுக்காரர் பேரு ஒரு மலைப் பேருங்க. அங்க காவடி எடுத்துக்கிட்டுப் போனாக்கூட ‘அந்த மலை’ன்னுதான் சொல்லுவனுங்க. புருசன் பேர்ல பாதி வர்ற வார்த்தையக்கூட நாங்க வாயில எடுக்க மாட்டோமுங்க.”

குழந்தையின் கண்ணைக் காட்டினாள். “வந்ததுலேருந்து முழி, முழின்னே சொல்றா. கவனிச்சீங்களா?”

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்தார். பிறகு, வாசல் பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த தோள்துண்டைப் பார்த்தார். புதிதாக ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துத் துடைத்தார்.

“கண்ணுசாமி, துண்டை எடு. அடுத்த சில்லு உனக்கு.”