ஒரு சொட்டுகூடத் தரல

"எனக்கும் கொஞ்சம் குடுங்க மாமா" என்று கையை நீட்டினான் தம்பி.

இரண்டு நிமிஷம் முன்னால் தன் கையில் தேய்த்துக்கொண்ட மாமா பாட்டிலை மூடினார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உனக்கு வேணாம்."

அவ்வளவுதான் பதில். தூண்டிலை ஏரிக்குள் வீசிவிட்டுத் தக்கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. படகில் இருப்பதே இரண்டு பேர். பாட்டில் நிறைய எண்ணெய். கொடுத்து அனுப்பியது மாமாவின் மனைவி, அவனுடைய சொந்த அக்கா. ரெண்டு பேரும் தேய்த்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் வந்து எப்படி இருந்தது என்று சொல்லுங்கள் என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

அக்கா தானே அடுப்படியில் காய்ச்சிய, பூச்சி விரட்டும் எண்ணெய் அது. பதினாறு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். போன வருஷம் அதை இழுத்து மூடிவிட்டார்கள். அதிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்டால் பேசுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இரண்டு மாதமாகத்தான் எழுந்து இந்த எண்ணெயில் இறங்கியிருந்தாள். நாற்பது பாட்டில்கள் நிரப்பி, தன் கையாலேயே பெயர் எழுதி ஒட்டி, கடைக்குக் கொடுக்கத் தயாராக அடுக்கி வைத்திருந்தாள்.

ஏரிப் பூச்சி எள்ளளவுதான் இருந்தது. கடித்தால் ஊசி. சாக்ஸுக்குள் புகுந்தது, காதுக்குள் புகுந்தது. தம்பி லாரி ஓட்டுகிறவன். ஓடும்போது டயர் வெடித்தால்கூடப் பதறாதவன். அரை மணி நேரத்தில் தன் கன்னத்தில் தானே ஏழு அறை விட்டுக்கொண்டான்.

மறுபடியும் கேட்டான். உனக்கு ஒத்துக்காது என்றார் மாமா. தேய்த்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டான். மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்வார். இதற்கு மட்டும் பேச்சை மாற்றினார்.

"நீ அந்தக் கோடிக்குப் போய் உட்காரு. ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தா மீன் வராது."

தம்பி எழுந்து போனான். படகு ஆடியது. வேண்டுமென்றேதான் ஆட்டினான். மாமாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அங்கே பூச்சி கொஞ்சம் குறைச்சலாக இருந்தது. காற்று திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

எட்டு நாள் ஓட்டினால் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் இந்த மனுஷனோடு. அக்கா எப்படித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறாளோ.

மத்தியானம் புகை மாதிரி ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தம்பியின் ஒரு இமை வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டது. கரைக்குப் போய்விடலாம் என்றான். சாயங்காலம் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் மாமா. சொல்லிவிட்டு அந்தப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

கழுத்து, கை, கணுக்கால் என்று மிச்சமிருந்த எண்ணெய் பூராவையும் தேய்த்துக்கொண்டார். பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டையும் எடுத்தார். பிறகு முழுக்கையை இறக்கிப் பொத்தான் போட்டு, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டார்.

தம்பி ரொட்டியை மென்றபடி பார்த்துக்கொண்டே இருந்தான். மாமாவுக்கு இரண்டு மீன் கிடைத்தது, அவனுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

கதவைத் திறந்த அக்கா மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

"எண்ணெய் எப்படிடா இருந்துச்சு?"

"உன் புருஷனைக் கேளு. எனக்கு ஒரு சொட்டுகூடத் தரல. அத்தனையும் அவரே தேச்சுக்கிட்டாரு. என் கண்ணைப் பாரு."

அக்கா கண்ணைப் பார்த்தாள். காலிப் பாட்டிலை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு.

"சொந்த மச்சினனுக்கே தர மனசு வரலையா? அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்றார் மாமா. கையைப் பைக்குள் விட்டபடியே குளிக்கப் போய்விட்டார்.

தம்பிக்கு இன்னும் ஆறவில்லை. நேராக முகத்துக்கு நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பின்னாலேயே போனான். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாமா சட்டையின் ஒரு கையை மட்டும் உருவிவிட்டு, மற்றதைக் கழற்ற முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கழுத்து சிவந்து தடித்திருந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் ஒரே பூச்சிக்கடி, ஊசி குத்த இடமில்லை. வலது கை மடங்கவே மாட்டேன் என்றது.

"என்ன மாமா இது?"

மாமா அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"காலையில தேச்ச ரெண்டாவது நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. மணக்கணும்னு அவ ஏதோ பூ வாசனை சேர்த்திருக்கா. பூச்சி எல்லாம் அதைத் தேடிக்கிட்டு வருது. சீக்கிரமா திரும்பி வந்திருந்தா உன் அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் எதுக்கு மத்தியானம் திரும்பவும் தேச்சீங்க?"

"உன்னை ரொம்பக் கடிச்சுதே. நான் தேச்சா என்கிட்ட வந்துடும்ல." மாமா குரலை இன்னும் தாழ்த்தினார். "கடைக்குப் போறதுக்குள்ள அந்த வாசனையை எடுக்கச் சொல்லிப் பக்குவமா நானே சொல்லிடறேன். இன்னிக்கு ஒரு நாள் அவ சிரிக்கட்டும்."

தம்பி அவருடைய சட்டைக் கையை மெதுவாக உருவி எடுத்தான்.

அடுப்படியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "டேய், நாளைக்கு லாரியில வச்சுக்க உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கட்டுமா?"

"ஒண்ணு எப்படிக்கா பத்தும்?" என்றான் தம்பி. "ரெண்டா குடு."