டீச்சருக்குக் கொலுசு

"அவிழ்க்காதேப்பா!" என்று கத்தியது தூக்கணாங்குருவிக் குஞ்சு. மைனா டீச்சரின் மஞ்சள் காலுக்காக அது புல்லில் கொலுசு பின்னிக்கொண்டிருந்தது. அது அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அப்பாக் குருவி ஒரு முடிச்சைப் பிரித்துவிட்டது.

"கோணலா இருந்தது, கண்ணு."

"இருக்கட்டுமே."

"டீச்சர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க சிரிச்சா எனக்குப் பிடிக்கும்."

அப்பாக் குருவிக்கு இது புரியவில்லை. அது கட்டிய கூடுகளைப் பார்க்க வந்த பெட்டைகள், ஒரு முடிச்சு கோணியிருந்தாலும் பேசாமல் பறந்துபோயிருக்கின்றன. ஒருத்தியும் சிரித்ததில்லை.

"நான் சிரிச்சா?" என்று கேட்டது.

"நீ எங்கே சிரிக்கிறே? முடிச்சையேதான் பாத்துக்கிட்டிருக்கே. தள்ளி உக்காரு, நிழலடிக்குது."

அப்பாக் குருவி தள்ளி உட்கார்ந்தது. குஞ்சு அந்த முடிச்சை முன்னைவிடக் கோணலாகப் போட்டது.

மறுநாள் பள்ளி நடக்கும் புங்கமரத்தில் குஞ்சு டீச்சருக்குக் கொலுசை மாட்டிவிட்டது. அது வழுக்கி விரல்களில் வந்து நின்றது. டீச்சர் ஒற்றைக் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கழுத்தைச் சாய்த்துச் சிரித்தார். குஞ்சும் கிளை ஆடும்படி குதித்துக் குதித்துச் சிரித்தது. கூட்டில் அது இப்படிச் சிரித்து, கொண்டுவிட வந்த அப்பாக் குருவி பார்த்ததில்லை.

"பள்ளி விட நேரமாகும். நீங்க கிளம்புங்க," என்றார் டீச்சர்.

"ஆகட்டும் டீச்சர்," என்றது அப்பாக் குருவி.

டீச்சர் பாடத்தைத் தொடங்கியதும், அப்பாக் குருவி போகாமல் இன்னும் ஒரு கிளை நெருங்கி வந்து உட்கார்ந்துகொண்டது.