கையை எடுத்துட்டியா?

“கையை எடுத்துட்டியா?”

நாலு மாதத்துக்கு முன்னால் கிரேன் அண்ணன் அவளிடம் கேட்ட கேள்வி இது. கேட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் இரும்புத் தகடு இறங்கியது. அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுபோயின.

கிரேன் என்பது பட்டறை வைத்த பெயர். நாலு ஆள் தூக்குகிற தகட்டுக்கு, தன்னோடு இன்னொரு ஆள் இருந்தால் போதும் என்பார். அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் அவர் இறக்கிய தகட்டில் ஒருவர் நகம்கூட நசுங்கியதில்லை. கேட்பார், பதில் வரும், அப்புறம்தான் இறக்குவார்.

“வாய் முந்துது, கை பிந்துது! விரல் என்ன திரும்ப முளைக்குமா?” என்று மற்றவர்களை மேஸ்திரி திட்டாத நாளில்லை. எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடியும் அப்படியேதான் செய்வார்கள்.

விசாரணையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புதுசா வந்த பொண்ணு, பயந்து கிடக்குது என்று விட்டுவிட்டார்கள். கிரேன் அண்ணனே முன்னால் வந்து, “மிஷின் சத்தத்துல பொண்ணு பதில் சொல்லுச்சா இல்லையான்னு தெரியல. நான்தான் அவசரப்பட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டார்.

அவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் ஆரஞ்சுப் பையோடு மாடிப்படி ஏறி வருவார். அந்த ஒற்றை அறையின் கதவை வேறு யாரும் தட்டுவதில்லை. அவருக்காக ஒரு நாற்காலி வாங்கியிருந்தாள். மற்ற நாள்களில் சுவரோரம் கிடக்கும் அதன்மேல் துணி காயும்.

“குடும்மா, நான் உரிச்சுத் தரேன். உன்னால எங்கே முடியும்?” என்பார்.

மற்ற நாள்களில் அவளே உரித்துத்தான் தின்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியாது.

இன்று தோலைக் கிள்ளியபடியே சொன்னார்: “நாளைக்கு வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

“ஏண்ணே?”

“தகட்டு வேலை இனி எனக்கு ஆகாது. நேத்து கூட நின்னவனை மூணு தடவை கேட்டேன். ‘எடுத்தாச்சுண்ணே, எழுதி வேணா தரட்டுமா’ங்கறான். அப்பவும் இறக்க முடியல. தூக்கிப் பிடிச்சபடியே நின்னேன். மத்தவங்க வந்து வாங்கி வெச்சாங்க.”

“உங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?”

“ஆரஞ்சு உரிக்கத் தெரியும்.” சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. “பயப்படாதே, வேலைக்குப் போகாட்டியும் இங்க வந்துருவேன். உன் கைக்கு நான்தானே பதில் சொல்லணும்?”

அவர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவள் நினைத்துப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தாள். இடது கையின் மூன்று விரல்களில் பிடித்து, தோல் அறுபடாமல் ஒரே சுற்றில் உரித்து அவர்முன் வைத்தாள்.

அவர் கை பாதியில் நின்றது.

“நீங்க பதில் வந்த அப்புறம்தான் இறக்கினீங்கண்ணே. கையை எடுக்காமலே ‘எடுத்துட்டேன்’னு சொன்னது நான்தான்.”

பாதி உரித்த பழத்தை அவர் தட்டில் வைத்தார். எழுந்து, நாற்காலியைப் பழையபடி சுவரோரம் நகர்த்திப் போட்டார். படியிறங்கிப் போனார்.