ஹலீமுக்கு ஏலாத வேலை

"ஓட்டமாவடி ஹலீம் நானாவுக்கு இது ஏலாதாம். உங்களிட்டக் கொண்டு போகச் சொன்னவர்."

ஜெயந்தன் தன் படகு எஞ்சினின் சாஃப்டை மேசையில் வைத்தான்.

வாழைச்சேனையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் சாமித்தம்பி சிரித்த சிரிப்பில் அவருடைய வயிறு லேத்தில் போய் முட்டியது.

"முப்பது வருசமா லேத் வச்சிருக்கிற மனுசன். ஒரு கூம்பைப் பிடிக்கத் தெரியா!"

மற்ற எல்லாவற்றிலும் சாமித்தம்பி தன்னைத்தானே நக்கலடிக்கிற ஆள். தன் வயிறு, தன் வழுக்கை, சுனாமி கல்குடாவில் கடையைக் கொண்டுபோனபோது கையில் மிஞ்சிய ஒற்றை ஸ்பேனர், எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருப்பார். அவர் பகிடி பண்ணாத ஒரே சாமான் அவருடைய ஹோல்டர்.

சாஃப்டின் முனை கூம்பு. லேத்தில் சாமானைப் பிடிக்கிற வாயான சக்கு நேரானதைத்தான் கடிக்கும். கூம்பென்றால் வழுக்கித் துப்பிவிடும். அதற்கென்று அவரே கடைந்த இரும்புக் குழாய்தான் அந்த ஹோல்டர். வெளியே நேர், உள்ளே கூம்பு, பக்கத்தில் நீளமாக ஒரு வெட்டு. சக்கு இறுக்க, குழாய் சாஃப்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

"இந்த மண்டைக்குள்ள என்ன கிடக்கெண்டு கடலுக்குத் தெரியாமப் போச்சு, தம்பி. தெரிஞ்சிருந்தா கடையோட சேத்து என்னையும் கொண்டு போயிருக்கும்."

"நாளைக்குப் படகு இறக்கணும் அண்ணன். சண்டை முடிஞ்சு இப்பதான் கடலுக்கு விடுறாங்க. வாகரையில எல்லாரும் இறங்கிட்டாங்க, நான் மட்டுந்தான் கரையில."

"பின்னேரம் வா."

சொல்லிக்கொண்டே சாஃப்டை ஹோல்டருக்குள் செருகிச் சக்கை இறுக்கினார்.

'டக்.'

ஹோல்டர் இரண்டாக வெடித்தது.

ஐந்து வருசமாக ஹலீமுக்கென்று வைத்திருந்த 'ஏலாது' இப்போது சாமித்தம்பியின் நாக்கிலேயே வந்து நின்றது. விழுங்கினார்.

"என்ன பாக்கிறாய்? பின்னேரம் வா எண்டு சொன்னன் தானே!"

இன்னொன்று கடைய நல்ல இரும்பு வேண்டும். அது கிடைக்கிற இடம் ஹலீமின் பட்டறை ஒன்றுதான். வயிற்றையும் வெட்கத்தையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்தார்.

ஹலீம் மத்தியான லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மனைவி ஸாலிஹா பட்டறையைத் திறந்துவிட்டாள்.

"இரும்புத் துண்டெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு அண்ணன். பாத்து எடுங்க."

கிளறினார். பெட்டியின் அடியில் ஒரு பொட்டலம். பழைய கலண்டர் தாள், உள்ளே கிறீஸ் பூசிய ஒரு குழாய்.

வெளியே நேர். உள்ளே கூம்பு. பக்கத்தில் நீளமாக ஒரு வெட்டு.

"இது... இது என்ன?"

"அதா? சுனாமிக்குப் பொறகு நிவாரணப் படகெல்லாம் வந்த நேரம் இவர் செய்தது. ரெண்டு சாஃப்ட்தான் கடைஞ்சிருப்பார். நீங்க வாழைச்சேனையில பழைய லேத் ஒண்டோட துவங்கிட்டீங்க எண்டு கேள்விப்பட்டு, அண்டைக்கே சுத்திப் பெட்டிக்குள்ள போட்டுட்டார். ஏனெண்டு கேட்டன். சிரிச்சார்."

வாசலில் செருப்புச் சத்தம். சாமித்தம்பி அவசர அவசரமாகப் பொட்டலத்தை அடியில் புதைத்துவிட்டு, அகப்பட்ட ஓர் இரும்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

ஹலீம் அவருடைய கையில் ஒட்டியிருந்த கிறீஸைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"என்ட ஹோல்டர் வெடிச்சிட்டு, நானா. இன்னொண்டு கடையணும்."

"எடுத்துட்டுப் போங்க அண்ணன். அது உங்களுக்குத்தானே ஏலும். நமக்கு எங்க அதெல்லாம்!"

சாமித்தம்பி இரும்புத் துண்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் நானா. உங்களுக்கு ஏலாதபடியாத்தான் இந்த வயிறு இவ்வளவுக்கு வளந்து கிடக்கு."