வைஃபை வராத மதியம்

"விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டா வைரஸே வராதுன்னு பெருசாச் சொன்னீக. வைரஸ் என்ன, வைஃபையும்ல வரமாட்டேங்குது!"

யோகலட்சுமி சொன்னதை மருதுபாண்டி காதில் வாங்கவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து, பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் எடுப்பதுபோல முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவருக்குத் தெரிந்த முதல் வைத்தியம் அது.

மணி இரண்டரை. மூன்று மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. நாற்பத்தாறு வயதில், வீட்டிலிருந்தே ஆறு மாதம் லினக்ஸ் படித்துத் தேறியவளுக்குக் கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து வந்த முதல் அழைப்பு. கிடைத்தால் மூன்று மாதம் அங்கே பயிற்சி. பிறகு வீட்டிலிருந்தே வேலை.

"படிச்சது நீ, மல்லுக்கட்டுறது நானா? நீயே வந்து பாரேன் லட்சுமி."

"எனக்குப் படபடன்னு வருது. ஒண்ணும் ஓடலைங்க."

போன் நெட்டை வயர் வழியே கொடுத்துப் பார்த்தார். அது வெறும் சார்ஜ் வயர்; போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏறியது. அடிமூடியைத் திறந்து, வைஃபை கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அசையவில்லை.

"விடுங்க. நமக்குக் கொடுத்து வைக்கல. நான் போய் இட்லிக்கு அரிசி நனைக்கிறேன்."

"அரிசி கிடக்கட்டும். மொதல்ல மூஞ்சிய நனைச்சிட்டு வா, போ."

அவள் போனதும் லினக்ஸின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றில் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு ஏதோ தட்டினார்.

லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டதும் வைஃபை வந்துவிட்டது.

முகம் துடைத்தபடி வந்தவள் வாசலிலேயே நின்றாள். "வந்திருச்சா? என்ன கோளாறாம்?"

"தூசிதான். உட்காரு, மணியாச்சு."

"பாதியில போயிறாதுல்ல?"

"போகாது. போனா மறுபடி தட்டுவேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே அவள் குரல் முதலில் தடுமாறி, பிறகு நிமிர்ந்தது.

அவர் நின்றுபோன அந்தக் கோப்பு, அன்று மதியம் ஒரு மணிக்கு, அவர் கடையில் இருந்தபோது எழுதப்பட்டது. அதில் வைஃபை கார்டை முடக்கும் கட்டளை ஒன்றை லட்சுமியே போட்டிருந்தாள்; பக்கத்திலேயே, # குறி போட்டு, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக, படித்த பழக்கத்தில் காரணத்தையும் எழுதியிருந்தாள்: "# மூணு மாசம் இவுக தனியா என்ன பண்ணுவாக?"

கட்டளையை மட்டும் அழித்துவிட்டு அவர் கீழே எழுதியிருந்தார்: "# வெந்நீர் வைக்கத் தெரியும். மிச்சத்தைப் போன்ல சொல்லிக்குடு. போயிட்டு வா."